தெருவில் தார் போட வருகிறார்கள்: கூட நின்று பார்ப்பது எப்படி

தார் லாரி தெருமுனையில் வந்து நின்ற பிறகுதான் பெரும்பாலான தெருக்காரர்கள் வெளியே வருகிறார்கள். அந்தச் சாலை எத்தனை மழையைத் தாங்கும் என்பது அதற்குள் ஏறக்குறைய முடிவாகியிருக்கும். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், சென்னைப் புறநகர் என்று பல வருஷம் கான்ட்ராக்டர்களிடம் சைட் சூப்பர்வைசராக இருந்தவன் நான். இப்போது அந்த வேலையை விட்டுவிட்டு எங்கள் தெரு நலச் சங்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். பொதுமக்களில் யாராவது எதைக் கேட்டால் சைட்டில் எங்களுக்கு உதறல் எடுக்குமோ, அதைத்தான் இங்கே எழுதுகிறேன். இன்ஜினியரிங் படிப்பு தேவையில்லை. அளவு டேப், ஒரு ஸ்கேல், செல்போன், கொஞ்சம் பொறுமை, இவ்வளவு போதும்.

யார் தோண்டப் போகிறார்கள்?

சென்னையையே எடுத்துக்கொள்வோம். மாநகராட்சியின் உட்புறச் சாலைகள் மட்டும் 5,000 கிலோமீட்டருக்கு மேல் இருக்கின்றன. பஸ் போகும் சாலைகளுக்கு மாநகராட்சியிலேயே தனித் துறை உண்டு, தெருக்களை மண்டல அலுவலகங்கள் பார்க்கின்றன. அண்ணா சாலை போன்ற பெரிய சாலைகள் மாநில நெடுஞ்சாலைத் துறையிடம். இதெல்லாம் மேல்பரப்புக் கணக்கு. அடியில் ஓடும் குடிநீர், கழிவுநீர்க் குழாய்கள் குடிநீர் வாரியத்தின் கையில், கேபிள் மின்வாரியத்தின் கையில், இன்னொரு கேபிள் ஏதோ இன்டர்நெட் கம்பெனியின் கையில். 2011-ல் மாநகராட்சி எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. அப்போது சேர்ந்த பகுதிகள் பலவற்றுக்குப் பாதாளச் சாக்கடையும் மழைநீர் வடிகாலும் அதற்குப் பிறகுதான் வரத் தொடங்கின. ஆக மேலே தார் போடுகிறவர் ஒருவர், கீழே தோண்டுகிறவர்கள் நாலு பேர். இந்த நாலு பேரும் ஒரே வருஷத்தில் வரிசையாக வந்தால் எவ்வளவு நல்ல சாலையும் நிற்காது.

அதனால் உங்கள் தெரு டெண்டரில் வந்துவிட்டது என்று தெரிந்ததும், தாரைப் பற்றி யோசிக்காமல் குழியைப் பற்றி யோசியுங்கள். தெருவின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போடுங்கள்: புதுக் குடிநீர் இணைப்போ சாக்கடை இணைப்போ யாருக்காவது வேண்டுமா, கட்டடம் இடித்துக் கட்டும் எண்ணம் இருக்கிறதா, இருந்தால் இப்போதே விண்ணப்பியுங்கள். பின்னர் வார்டு உதவிப் பொறியாளருக்கு ஒரு கடிதம். குடிநீர் வாரியமும் மின்வாரியமும் இந்தத் தெருவில் வேலை வைத்திருக்கின்றனவா என்று கேட்டு, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வையுங்கள். பதில் வராமல் போகலாம். ஆனால் தார் போட்டு ஆறு மாதத்தில் யாராவது வெட்ட வந்தால், அன்றைக்கு அந்தக் கடிதம் பேசும்.

ஏற்கெனவே வெட்டி மூடிய இடங்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். வெட்டிய பள்ளத்தைப் படிப்படியாக, ஒவ்வொரு படிக்கும் 15 முதல் 20 சென்டிமீட்டர் நிரப்பி, தண்ணீர் விட்டு இடித்து இறுக்க வேண்டும். நடைமுறையில் தோண்டிய களிமண்ணையே மொத்தமாகத் தள்ளி, மேலே கொஞ்சம் ஜல்லி தூவி, ஜேசிபி பக்கெட்டால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போவார்கள். அதன் மேல் எத்தனை சென்டிமீட்டர் தார் போட்டாலும் முதல் பெருமழையில் அந்த நீளத்துக்கு அப்படியே உட்காரும். நம்பிக்கை இல்லாத இடத்தில் ஒரு கடப்பாரையை ஊன்றிப் பாருங்கள். சுலபமாக இறங்கினால் அதைத் தோண்டி, ஜல்லியும் கிரஷர் தூளும் கலந்த வெட் மிக்ஸ் போட்டு இறுக்கிய பிறகே தார் என்று பொறியாளரிடம் சொல்லுங்கள். தார் லாரி வந்த பிறகு இதைச் சொன்னால் யாரும் காதில் வாங்க மாட்டார்கள்.

பலகையும் காகிதமும்

வேலை நடக்கும் இடத்தில் பணியின் பெயர், மதிப்பீட்டுத் தொகை, ஒப்பந்ததாரர் பெயர், முடிக்க வேண்டிய தேதி எல்லாம் எழுதிய பலகை வைக்க வேண்டும். வைத்தால் படம் எடுங்கள். வைக்காவிட்டால் கேளுங்கள். நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை நான்கே நான்கு: தார் கலவையின் கனம் எத்தனை மில்லிமீட்டர், பழைய சாலையைச் சுரண்டுவது மதிப்பீட்டில் இருக்கிறதா, மேன்ஹோல் மூடிகளை உயர்த்துவது இருக்கிறதா, குறைபாடு வந்தால் ஒப்பந்ததாரர் தன் செலவில் சரிசெய்ய வேண்டிய காலம் எதுவரை.

டெண்டர் பற்றியும் ஒரு வார்த்தை. மதிப்பீட்டைவிட ரொம்பக் குறைத்துக் கேட்டு வேலையை எடுத்தவர் அந்தப் பணத்தை எங்கே மிச்சம் பிடிப்பார்? எண்ணெய் நிறுவனங்கள் தார் விலையை மாதம் இருமுறை மாற்றுகின்றன. டெண்டர் போட்ட விலை ஒன்று, வேலை நடக்கும் நாளின் விலை வேறு. பில் பணமும் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும், அதுவரை வட்டி ஓடும். கனத்தில் குறைக்கலாம், தாரில் குறைக்கலாம், பழைய பரப்போடு புதுக் கலவை ஒட்டுவதற்காகத் தெளிக்கும், பிறகு கண்ணுக்குத் தெரியாத டேக் கோட்டில் குறைக்கலாம். கமிஷனைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்பீர்கள். அது எல்லோருக்கும் தெரிந்த கதை, தெருவில் நிற்கிறவர் கையில் அதற்கு மருந்தும் இல்லை. கனம் அப்படியில்லை, ஸ்கேல் வைத்தால் தெரிந்துவிடும்.

இன்னொன்று, காலம். மார்ச் 31-க்குள் நிதியைச் செலவழிக்க வேண்டும் என்பதால் ஜனவரிக்குப் பிறகு எல்லாத் தெருக்களும் ஒன்றாகக் கிளம்பும். பல தெருக்களைச் சேர்த்து ஒரே பேக்கேஜாக டெண்டர் விடுவதால் ஒரே ராத்திரியில் நாலைந்து தெருவை முடித்துவிட்டுப் போகும் அவசரமும் உண்டு. ஓர் உதவிப் பொறியாளர் எத்தனை தெருவில் நிற்பார்? அவர் இல்லாத இடத்தில் நிற்கத்தான் நீங்கள் தேவைப்படுகிறீர்கள். அவரை எதிரியாக நினைக்காதீர்கள். கேள்வி கேட்கும் தெருக்காரர் நாலு பேர் இருந்தால், ஒப்பந்ததாரரிடம் கறாராகப் பேச அவருக்கும் ஒரு சாக்குக் கிடைக்கும்.

சுரண்டாமல் போட விடாதீர்கள்

பழைய தாரின் மேலேயே புதுத் தாரைப் போட்டுக்கொண்டு போனதால்தான் பல தெருக்களில் வீட்டு வாசல் பள்ளமாகிவிட்டது. ஒரு தடவைக்கு 40 மில்லிமீட்டர் என்றால் நாலு தடவையில் 16 சென்டிமீட்டர், அதாவது முழுசாக ஒரு படிக்கட்டு. 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச் சாலை போட வேண்டும் என்று துறைகளுக்கு அறிவுறுத்தினார். அதைச் சொல்லிக் கேளுங்கள்.

சுரண்டும் அளவையும் பார்க்க வேண்டும். மில்லிங் மெஷின் ஓடியது என்று காட்டுவதற்காக மேலே லேசாகக் கீறிவிட்டுப் போவதுண்டு. 40 மில்லிமீட்டர் போடப் போகிறார்கள் என்றால் 40 எடுத்திருக்க வேண்டும். மெஷின் போன வரியின் ஓரத்தில் செங்குத்தாக ஒரு விளிம்பு நிற்கும், அங்கே ஸ்கேலை வைத்தால் போதும். வேலை தொடங்குவதற்கு முந்தைய நாளே உங்கள் வாசற்படியிலிருந்து சாலை எவ்வளவு கீழே இருக்கிறது என்று நாலைந்து வீட்டில் அளந்து, டேப்போடு படம் எடுத்து வையுங்கள். வேலை முடிந்ததும் அதே இடங்களில் மறுபடி அளந்தால் வாதத்துக்கே இடமில்லை.

சுரண்டிவிட்டு வாரக்கணக்கில் அப்படியே போட்டு வைப்பது தனிக் கொடுமை. அந்த வரிப்பள்ளங்களில் பைக் சக்கரம் இழுக்கும், தூசி நிறையும், மழை வந்தால் அடித்தளம் நனையும். தார் என்றைக்கு என்று தேதி கேட்டுக்கொண்டு சுரண்ட விடுங்கள்.

மேன்ஹோல் மூடிகளையும் இந்தக் கட்டத்திலேயே புது மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். சுற்றிப் போட்ட கான்கிரீட் இறுக ஒரு வாரமாவது வேண்டும். முந்தைய நாள் சாயங்காலம் கான்கிரீட் போட்டு மறுநாள் அதன் மேல் ரோலர் விட்டால் மூடியோடு சேர்ந்து சுற்றுப்புறமும் இறங்கிவிடும்.

தண்ணீர் எங்கே போகிறது?

தார்ச்சாலையைக் கொல்வது லாரியைவிடத் தண்ணீர்தான். ஜல்லியில் ஒட்டியிருக்கும் தாரைத் தேங்கி நிற்கும் நீர் மெல்ல உரித்துவிடும். உரிந்த இடத்தில் வண்டிச் சக்கரம் ஏறி இறங்க, ஜல்லி பெயரும். ஒரு கை அகலக் குழி ஒரே வாரத்தில் தொட்டியாகும். சென்னைக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டுகிறது. இந்த மூன்று மாதத்தைத் தாண்டினால்தான் சாலை.

நடுவிலிருந்து இரண்டு ஓரத்துக்கும் குறைந்தது 2 சதவீதச் சரிவு வேண்டும். 5 மீட்டர் அகலத் தெருவில் நடுப்பகுதி ஓரத்தைவிட 5 சென்டிமீட்டர் உயரமாக இருக்கும். அப்படி வழிந்து வரும் நீர் வடிகாலுக்குள் இறங்கத் துவாரம் இருக்க வேண்டும், அந்தத் துவாரம் சாலை மட்டத்தைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். வடிகாலை உயரமாகக் கட்டிவிட்டு அதைவிடப் பள்ளத்தில் சாலையைப் போட்ட தெருக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அங்கெல்லாம் மழைநீர் வடிகால் காய்ந்து கிடக்கும், தெரு நிரம்பி நிற்கும். தார் போடும் முன்பு துவாரங்களைத் தூர் வாரச் சொல்லுங்கள். தார் போடும்போது அவற்றை அடைத்துவிடாமல் பாருங்கள்.

இங்கே நம் பக்கத்துக் கணக்கும் இருக்கிறது. வண்டி ஏற்ற வாசலில் சிமெண்ட் சாய்தளம் போட்டு ஓர நீரோட்டத்தை மறிப்பது நாம்தான். ஆர்ஓ கழிவு நீரைக் குழாய் வைத்துத் தெருவில் விடுவது நாம்தான். வீடு கட்டும்போது சாலையிலேயே சிமெண்ட் கலவை குழைப்பதும், கோயில் திருவிழாவுக்குப் புதுத் தாரைக் குடைந்து பந்தக்கால் நடுவதும் நாம்தான். பந்தக்கால் குழியை யாரும் ஒழுங்காக மூடுவதில்லை. அடுத்த மழையில் அந்தக் குழி வழியாகத்தான் நீர் அடித்தளத்துக்குப் போகிறது. மணல் நிரப்பிய டிரம்மில் கால் நட்டால் பந்தல் நன்றாகவே நிற்கும்.

தார் போடும் அன்று

நான் சொல்லும் வரிசையில் பாருங்கள்.

முதலில் தூசி. சுரண்டிய பரப்பைத் துடைப்பத்தாலோ காற்றடித்தோ தூசியில்லாமல் சுத்தம் செய்ய வேண்டும். கையை வைத்துத் தேய்த்தால் மாவு போல ஒட்டக் கூடாது.

அடுத்து டேக் கோட். பழைய பரப்பையும் புதுக் கலவையையும் ஒட்டவைக்கும் எமல்ஷன், அதாவது தண்ணீரில் கலந்த தார் இது. தெளிக்கும்போது காப்பிக்கொட்டை நிறத்தில் இருக்கும். தண்ணீர் பிரிந்து ஆவியானதும் கறுத்துப் பிசுபிசுக்கும். கறுத்த பிறகுதான் மேலே கலவை விழ வேண்டும். பழுப்பாக இருக்கும்போதே கொட்டினால் ஒட்டாது. ரொம்ப முன்னதாகத் தெளித்துவிட்டு வண்டிகளை ஓட விட்டாலும் சக்கரத்தோடு போய்விடும். தார்ப் பரப்பின் மேல் ஒரு சதுர மீட்டருக்கு 0.2 முதல் 0.3 கிலோ என்பது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விவரக்குறிப்பு. 100 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம் என்றால் 500 சதுர மீட்டர், குறைந்தது 100 கிலோ. ஒரு வாளியில் கொண்டுவந்து ஓட்டை டப்பாவால் அங்கங்கே கோலம் போட்டுவிட்டுப் போனால் அது டேக் கோட் இல்லை. இதற்குத்தான் பில்லில் பணம் வாங்குவார்கள், இதைத்தான் முதலில் விழுங்குவார்கள்.

மூன்றாவது, சூடு. கலவை லாரி தார்ப்பாய் போர்த்தி வந்திருக்க வேண்டும். கலவை தயாரிக்கும் பிளான்ட்டுகள் எல்லாம் ஊருக்கு வெளியே, நடுவில் டிராஃபிக். தாமதமானால் கலவை ஆறிவிடும். விஜி-30 என்ற ரகத் தார் என்றால் பிளான்ட்டில் கலவை 150 முதல் 165 டிகிரி, விரிக்கும்போது 140-க்குக் குறையக் கூடாது, ரோலர் வேலை 90-க்கு இறங்கும் முன் முடிய வேண்டும். சைட்டில் தெர்மாமீட்டர் இருக்க வேண்டியது கட்டாயம். கேளுங்கள். இல்லாவிட்டாலும் கண்ணே பல விஷயம் சொல்லும். லாரியைத் தூக்கும்போது நீலப் புகை எழுந்தால் தார் கருகியிருக்கிறது. வெள்ளை ஆவி அதிகம் வந்தால் ஜல்லியில் ஈரம். பழைய வெல்லம் மாதிரி கட்டி கட்டியாக விழுந்தால் ஆறிப்போனது. பளபளவென்று தளும்பி உட்கார்ந்தால் தார் அதிகம். மங்கலாக, பழுப்பாக, உதிரியாக இருந்தால் தார் குறைவு. லாரித் தொட்டியிலும் மண்வெட்டியிலும் ஒட்டாமல் இருக்க டீசல் தெளிப்பார்கள். தாரை டீசல் கரைத்துவிடும், விடாதீர்கள். ரோலர் சக்கரத்துக்குத் தண்ணீர்தான்.

மழை தூறினாலோ, பரப்பில் நீர் நின்றாலோ வேலையை நிறுத்த வேண்டும். இதில் சமரசமே கிடையாது. "லாரி வந்துடுச்சே சார், வீணாப் போயிடுமே" என்பார்கள். வீணாகப் போவது ஒரு லாரி கலவை. போட்டால் வீணாவது தெரு.

நான்காவது, கனம். 40 மில்லிமீட்டர் இறுகிய சாலைக்கு, இறுக்குமுன் சுமார் 50 மில்லிமீட்டர் விரித்திருக்க வேண்டும். ரோலர் வருமுன் அளவு குறித்த கம்பியைக் குத்திப் பார்ப்பது பொறியாளரின் வழக்கமான வேலை. உங்கள் முன்னால் நாலு இடத்தில், ஓரத்திலும் நடுவிலும் குத்திக் காட்டச் சொல்லுங்கள். இதைவிடச் சுலபமான வழி லாரிக் கணக்கு. 100 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 40 மில்லிமீட்டர் கனம் என்றால் 20 கன மீட்டர். இறுகிய கலவை கன மீட்டருக்குச் சுமார் 2.4 டன். ஆக 48 டன் வந்திறங்க வேண்டும். 36 டன்தான் வந்தது என்றால் உங்களுக்குக் கிடைத்தது 30 மில்லிமீட்டர். ஒவ்வொரு லாரிக்கும் எடைமேடைச் சீட்டு உண்டு, டிரைவரிடம் கேட்டு ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் வேலை பார்த்த காலத்தில், எழுதத் தெரிந்த ஒரு பெரியவர் வாசலில் நாற்காலி போட்டு லாரி எண்ணைக் குறித்துக்கொண்டிருந்தால், முதலாளி போன் பண்ணி இன்னொரு லோடு அனுப்பச் சொல்வார். கனம் குறைந்தால் வேறொரு கேடும் சேர்ந்து வரும்: மெல்லிய படலம் சீக்கிரம் ஆறிவிடும், ரோலர் எத்தனை தடவை ஓடினாலும் இறுகாது.

ரோலர் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வர வேண்டும். சுவரோரம், மேன்ஹோல் சுற்றிலும் ரோலர் எட்டாத இடங்களில் கையால் இடித்து இறுக்க வேண்டும். சாலை முதலில் கெட ஆரம்பிப்பது இந்த ஓரங்களில்தான். நேற்றுப் போட்டதையும் இன்று போடுவதையும் சேர்க்கும் இடத்தில் பழைய விளிம்பைச் செங்குத்தாக வெட்டி, தார் பூசிச் சேர்க்க வேண்டும். பரப்பு முழுக்க ஆறும்வரை வண்டியை ஏற்றக் கூடாது. இதைக் கடைப்பிடிக்க வேண்டியது ஒப்பந்ததாரர் அல்ல, தெருவில் கார் வைத்திருப்பவர்கள்.

பிளாஸ்டிக் கலந்த சாலை என்று சொல்வார்கள். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் கொண்டுவந்த முறை அது, 2002-ல் நுங்கம்பாக்கம் ஜம்புலிங்கம் தெருவில் அப்படிப் போட்டார்கள். சூடான ஜல்லியின் மேல் பிளாஸ்டிக் படிந்து, தண்ணீர் உரிப்பதைத் தாமதப்படுத்தும். நல்ல விஷயம்தான், ஆனால் வடிகாலுக்கு அது பதில் ஆகாது.

ஒட்டுப் பணி

குழிக்கு மட்டும் ஒட்டுப் போடுவதாக இருந்தால் ஒரே ஒரு காட்சியை எதிர்பாருங்கள்: குழியைச் சதுரமாக வெட்டுகிறார்களா? ஓரம் செங்குத்தாக, கெட்டியான பகுதி வரும்வரை வெட்டி, சேறும் நீரும் எடுத்து, உள்ளேயும் பக்கத்திலும் எமல்ஷன் பூசி, கலவை போட்டு இறுக்க வேண்டும். வட்டக் குழியில் அப்படியே கொட்டி மண்வெட்டியால் தட்டிய ஒட்டு அடுத்த மழைவரைகூட நிற்காது. மழைக்காலத்தில் சூடான கலவை கிடைப்பதில்லை. அப்போது போடும் ஜல்லித் தூளோ குளிர் கலவையோ தற்காலிகம்தான். ஜனவரியில் முறையாகத் திரும்பப் போட வேண்டும் என்று புகார் எண்ணை மூடாமல் வைத்திருங்கள்.

போட்ட பிறகு

ஒரு குடம் தண்ணீரை நடுவில் ஊற்றிப் பாருங்கள், இரண்டு பக்கமும் ஓட வேண்டும். முதல் நல்ல மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்துத் தெருவை நடந்து பார்த்து, நீர் நிற்கும் இடங்களைக் கதவு எண் தெரியும்படி படம் எடுங்கள். சென்னையில் 1913-க்கோ நம்ம சென்னை செயலியிலோ புகார் போட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மற்ற ஊர்களில் ஆணையருக்கு எழுத்தில் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள்.

பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம். "ஏன் தரமாகப் போடவில்லை?" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கில்லை. ஆவணத்தைக் கேளுங்கள்: மதிப்பீட்டின் நகல், பணி ஆணை, அளவுப் புத்தகத்தில் இந்தத் தெருவுக்கான பக்கங்கள், தரச் சோதனை அறிக்கை, குறைபாடு பொறுப்புக் காலம் முடியும் தேதி. எம்-புக் என்று அலுவலகத்தில் சொல்லும் அந்த அளவுப் புத்தகத்தில் எழுதிய கனமும் நீளமும்தான் பில் ஆகியிருக்கும். உங்கள் லாரிக் கணக்கை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

இந்தச் சட்டத்தின் பிரிவு 2(ஜே)-ஐப் பலர் பயன்படுத்துவதில்லை. காகிதம் மட்டுமல்ல, பணியையே நேரில் ஆய்வு செய்யவும் பொருள்களின் சான்றிட்ட மாதிரியை எடுக்கவும் அதில் உரிமை உண்டு. சாலையில் வட்டமாகத் துளைத்து எடுக்கும் கோர் மாதிரியைத் தெருக்காரர் முன்னிலையில் எடுக்க வேண்டும் என்று இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுதுங்கள். துளையில் ஸ்கேலை விட்டால் கனம் அங்கேயே தெரிந்துவிடும்.

குறைபாடு பொறுப்புக் காலம் முடியும் தேதி கிடைத்ததும் அதற்கு இரண்டு மாதம் முன்பாகக் காலண்டரில் குறித்து வையுங்கள். அந்தத் தேதிவரை ஒப்பந்ததாரரின் வைப்புத் தொகையில் ஒரு பகுதி அலுவலகத்திடம் இருக்கும். குழி, பெயர்ச்சி, உட்கார்ந்த மேன்ஹோல் எல்லாவற்றையும் கதவு எண் வாரியாகப் படத்தோடு பட்டியலிட்டு, தொகையை விடுவிக்கும் முன் இவற்றைச் சரிசெய்ய வைக்கும்படி செயற்பொறியாளருக்குக் கொடுங்கள். நகலை கவுன்சிலருக்கும் ஒப்பந்ததாரருக்கும் அனுப்பிவிடுங்கள். சரிசெய்ய ஆள் வரும்போது, சதுரமாக வெட்டுகிறார்களா என்று பாருங்கள்.